நீர்த்தெள்ளின் சாட்சியம்

2023 டிசம்பரில் எண்ணூர் ஜனங்கள் பட்ட பாட்டை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் முகத்துவாரமெங்கும் படிந்தது. அக்கறை நீங்குமுன், 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, உரத் தொழிற்சாலையொன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாத அம்மோனியா, கடல்நீரில் 49 மில்லிகிராம் இருந்ததென மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே அறிவித்தது. ஆயின் அந்நீரில் உயிர் தரிக்குமா என்பதற்கு இலக்கம் மட்டும் விடையாகாது. உயிரையே விட்டுப் பார்த்தல் வேண்டும்.

அதற்கென உலகெங்கும் வழங்கும் பரீக்ஷை ஒன்றுண்டு. டாப்னியா என்னும் நீர்த்தெள்ளு, நன்னீர்க் குட்டைகளில் துள்ளித் திரியும் சிறு பிராணி. இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. பிறந்து 24 மணி கடவாத குஞ்சுகளைச் சோதனை நீரில் விட்டு, 48 மணி நேரத்தில் எத்தனை அசைவற்றுப் போகின்றன என்று எண்ணுகிறார்கள். ஆண் துணையின்றியே தாய் ஈனும் குஞ்சுகளாதலால் எல்லாம் ஒரே அச்சு, செலவும் அற்பம்.

எனினும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் தீர்ப்பெழுதலாகாது. சுத்த நீரில் விட்ட குஞ்சுகளில் நூற்றுக்கு 10க்கு மேல் அசைவற்றுப் போனால் அப்பரீக்ஷையே செல்லாது. பொட்டாசியம் டைக்ரோமேட் என்னும் அறிந்த விஷத்தைக் கொடுத்து, குஞ்சுகள் வழக்கமான அளவில்தான் வீழ்கின்றனவா என்றும் அவ்வப்போது பார்த்தல் வேண்டும். இவ்விரண்டு கணக்கும் இல்லாத சீட்டு வெறுங் காகிதமே.

எண்ணூரிலோ சிக்கல் பெரிது. முகத்துவாரத்து நீர் உப்பு நீர். நன்னீர்ப் பிராணியை அதில் விட்டால் உப்பே கொன்றுவிடும். ஆலைக்காரரின் வக்கீல் அச்சாட்சியத்தை ஒரே கேள்வியில் உடைத்தெறிவார். உப்பைத் தணிக்க நல்ல நீர் கலந்தாலோ விஷமும் உடன் தணிந்து, ஆலைக்கு நற்சான்று கிடைத்துவிடும்! அம்மோனியாவின் கதை இன்னும் விந்தை. நீரின் காரநிலையைக் காட்டும் பி.எச். அளவு 7இலிருந்து 8 ஆனால் அதன் விஷக்கூறு ஏறக்குறைய பத்து மடங்காகும். குப்பியைத் திறந்து வைத்தாலோ ஆவியாகிப் போகும். ஒரே நீருக்கு இரண்டு சாலைகள் இரண்டு தீர்ப்புக் கூறினால் வியப்பென்ன? பரீக்ஷை விதிப்பது 20 டிகிரியை ஒட்டிய வெப்பம். சென்னை நீருக்கு அது கனவு.

நமது சட்டமோ மீனையே சாட்சியாக வைத்திருக்கிறது. 1986ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி, கலப்பில்லாத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப்பின் நூற்றுக்கு 90 மீன் பிழைத்திருக்க வேண்டும். மீன் பிழைத்த நீரில் இறால் குஞ்சும் பிழைக்கும் என்பதற்கு யார் ஜாமீன்?

சர்க்காரை நாம் கேட்பது இதுவே. உப்பில்லாத ஆலைக் கழிவுக்கு நீர்த்தெள்ளு நிற்கட்டும்; முகத்துவாரத்து நீருக்கு உப்பு தாங்கும் இறால் குஞ்சை வையுங்கள். ஒரே நீரை இரண்டு சாலைகளுக்கு அனுப்பி, உப்பு, பி.எச்., வெப்பம், சுத்த நீரில் மடிந்த குஞ்சுகள் யாவற்றின் கணக்கையும் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் தமிழில் ஒட்டுங்கள். அந்நீரில் இறங்கி இறால் பிடிப்பவர்கள் அவர்களே.