தேதியிட்ட சித்திரங்கள்

காலைக் காப்பி அருந்தி முடிந்ததும், பத்திரிகையைப் பிரிப்பதற்கு முன்பாக, எதிரில் அகப்பட்ட ஏதேனும் ஒரு வஸ்துவைப் பத்து நிமிஷம் பென்சிலால் வரைந்து, அடியில் தேதியைக் குறித்து நோட்டை மூடிவைப்பது என்ற நியமத்தை நான் மேற்கொண்டு 7 வருஷங்கள் ஆகின்றன. அதற்கு முன்பு மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் கைவிட்டவன் நான். விலையுயர்ந்த கனத்த காகிதம் கொண்ட நோட்டை வாங்குவதும், அதன் வெண்மைக்கு எதிரில் கை கூசுவதும், மனசுக்குப் பிடிக்காத படத்தை அன்றே கிழித்தெறிவதுமாக, ஏடுகள் குறையக் குறைய உற்சாகமும் குறைந்துபோயிற்று. இப்போது என்னிடம் இருப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் சாதாரண டிராயிங் நோட்டு. எந்த ஏட்டையும் கிழிப்பதில்லை என்பது ஒன்றே அதற்கு விதி.

ஜப்பானியச் சித்திரக்காரர் ஹொக்குசாய் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது அவருடைய பேரலைச் சித்திரம். என் மனசை அதைவிட ஆழமாகத் தொட்டது, எண்பது வயதைக் கடந்துவிட்ட அந்தக் கிழவர், 1842-ஆம் வருஷத்தின் கடைசியிலிருந்து 1843 முழுவதும், தீய சக்திகளை விலக்கும் பிரார்த்தனையாகக் காலைதோறும் ஒரு சிங்கத்தை மையும் தூரிகையும் கொண்டு வரைந்துவந்தார் என்ற செய்திதான். ஒரு நாள் சிங்கம் துள்ளுகிறது; ஒரு நாள் சுருண்டு கிடக்கிறது; ஒரு நாள் சிங்க முகமூடி அணிந்த மனிதன் ஆடுகிறான். பல தாள்களில் மாதமும் நாளும் குறித்திருக்கிறார். இருநூறுக்கும் மேற்பட்ட தாள்கள் அழியாமல் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அறுபது வருஷங்களுக்கு மேலாகத் தூரிகை பிடித்து, 1814 முதல் பாகம் பாகமாக வெளிவந்த தம் சித்திரத் தொகுதிகளால் ஜப்பான் முழுவதும் புகழ் பெற்றுவிட்ட ஒருவருக்குக் கைப்பழக்கத்துக்காக வரைய வேண்டிய அவசியம் ஏது? விடியற்காலையில் ஆற்றில் இறங்கி நீராடி அர்க்கியம் விடுகிறவன் அதை எந்தச் சிரத்தையோடு செய்கிறானோ, அந்தச் சிரத்தையோடு அவர் வரைந்திருக்கிறார் என்றே நான் நம்புகிறேன்.

நம் நாட்டில் அத்தகைய சிரத்தைக்குச் ‘சில்பி’யைச் சொல்லலாம். 1919-இல் நாமக்கல்லில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற ஸ்ரீநிவாசன் என்ற இளைஞருக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் ஓவியர் மாலி. ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்ற தலைப்பில் வெளிவந்த அவருடைய கோயிற் சித்திரங்கள், சிற்பத்தின் எதிரிலேயே அமர்ந்து தீட்டப்பெற்றவை. ஓர் அம்மன் சிலையின் இடையணியில் எத்தனை சரம் தொங்குகிறது என்று, தரிசனம் செய்துவிட்டுப் போனவனைக் கேட்டால் விழிப்பான்; வரைந்தவனைக் கேட்டால் தயங்காமல் சொல்வான்.

போன வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு வாரம் முழுவதும் எங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பையே வரைந்துகொண்டிருந்தேன். வாயும் வட்டம், அடியும் வட்டம் என்று அறிவு சொல்கிறது. கண்ணுக்கோ இரண்டும் வட்டம் அல்ல. செம்பை மேஜைமேல் வைத்து நாற்காலியிலிருந்து நோக்கினால், கண்மட்டத்துக்கு அருகில் உள்ள வாய் ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரிகிறது. தாழ இருக்கும் அடிவிளிம்போ அதைவிட நன்றாக வளைந்து தெரிகிறது. முதல் மூன்று நாளும் அடியை நேர்கோடாகவே இழுத்தேன். செம்பு மேஜையில் ஆடாமல் நிற்கிறது என்பது எனக்குத் தெரியுமாதலால், அந்தத் தெரிந்த விஷயம் கண்முன் இருந்ததை மறைத்துவிட்டது. நான்காம் நாள் கோட்டை வளைத்தேன். அந்தரத்தில் தொங்கிய செம்பு காகிதத்தில் உட்கார்ந்தது. ஐந்தாம் நாள், வயிற்றின் கீழ்ப்புறத்து நிழலுக்குள் மெல்லிய வெளிச்சக் கீற்று ஒன்று தென்பட்டது. மேஜை விரிப்பின் வெண்மை பித்தளையில் பட்டு ஏற்படுத்திய பிரதிபிம்பம் அது. இருபது வருஷமாக அந்தச் செம்பில் தண்ணீர் குடித்திருக்கிறேன். அன்றுதான் அதைக் கண்டேன்.

வரைய விரும்பி என்னிடம் யோசனை கேட்கும் அன்பர்களுக்கு, ரப்பரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்வதுண்டு. கோடு தப்பினால் பக்கத்திலேயே இன்னொரு கோடு போடலாம்; தப்பிய கோடும் இருக்கட்டும். மனிதர்களை வரைய வேண்டுமானால், பஸ் நிலையத்தில் மூட்டைமேல் தலைசாய்த்து உறங்குகிறவர்களைப் போல, அசையாமல் இருந்து உதவுகிறவர்கள் வேறு யாரும் இல்லை.

நியமம் தவறும் நாட்களும் வரத்தான் செய்யும். செம்பை வரைந்த அதே வருஷம் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டேன். நோட்டில் ஐப்பசி 4-க்கு அடுத்த ஏட்டில் ஐப்பசி 27 என்று இருக்கிறது. விட்டுப்போன நாட்களுக்கு ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணத்தை, நல்லவேளையாக, அன்று மனசில் இடம்பெற விடவில்லை. அந்த ஏட்டில் உள்ளது, கட்டிலோரத்து ஸ்டூலின்மேல் இருந்த கஷாய டம்ளர். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. கை நடுக்கத்தில் கோடு இரண்டு இடங்களில் அறுந்திருக்கிறது. அடிவிளிம்பு மட்டும் சரியாக வளைந்திருக்கிறது.