ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசு மானியச் சட்டமும் பொது மருத்துவமனை நிதியளிப்பும்: பிரஸ்ஸல்ஸ் வழக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பொது மருத்துவமனையின் பற்றாக்குறையை அரசு ஈடுசெய்வது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் எப்போது மானியமாகக் கருதப்படுகிறது, அம்மானியம் எந்நிலையில் ஏற்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சட்டம் மருத்துவமனைக்கு நிதி அளிப்பதைத் தடுக்கவில்லை. அந்நிதி எக்கடமைக்காக, எந்த அளவில் வழங்கப்படுகிறது என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்றே கோருகிறது. பிரஸ்ஸல்ஸ் நகரப் பொது மருத்துவமனைகள் தொடர்பான வழக்கு இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அரசு மானியம், பொதுச்சேவைக் கடமை, கூட்டுப்பொறுப்பு, ஈட்டுத்தொகை, பொது மருத்துவமனை.

முன்னுரை

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்பாடு குறித்த ஒப்பந்தம், 107ஆம் உறுப்பில் அரசு மானியத்தைப் பொதுவாகத் தடைசெய்கிறது. அரசு வளத்திலிருந்து வருவது, குறிப்பிட்ட நிறுவனத்திற்குத் தனிச்சலுகை அளிப்பது, போட்டியைச் சிதைப்பது, உறுப்பு நாடுகளுக்கிடையிலான வணிகத்தைப் பாதிப்பது ஆகிய கூறுகள் ஒருங்கே அமைந்தால்தான் ஒரு நிதியுதவி இத்தடைக்குள் வரும். அவ்வாறான மானியத்தை ஐரோப்பிய ஆணையத்திற்கு முன்கூட்டியே அறிவித்து, ஒப்புதல் பெற்ற பின்னரே நடைமுறைப்படுத்த வேண்டும் என்கிறது 108ஆம் உறுப்பு. அதே ஒப்பந்தத்தின் 168ஆம் உறுப்போ, மருத்துவச் சேவையை ஒழுங்கமைப்பதும் அதற்கு வளம் ஒதுக்குவதும் உறுப்பு நாடுகளின் பொறுப்பு என்று ஏற்கிறது. இவ்விரண்டு நெறிகளும் சந்திக்கும் இடத்தில்தான் பொது மருத்துவமனையின் நிதி நிற்கிறது.

மருத்துவமனை ‘நிறுவனம்’ ஆகுமா?

மானியச் சட்டம் ‘நிறுவனம்’ என்னும் வகைக்குள் வருவோருக்கு மட்டுமே பொருந்தும். 1991ஆம் ஆண்டின் ஹோஃப்னர் வழக்கில், பொருளாதாரச் செயற்பாட்டில் ஈடுபடும் எந்த அமைப்பும், அதன் சட்ட வடிவமும் நிதி மூலமும் எவையாயினும், நிறுவனமே என ஐரோப்பிய நீதிமன்றம் வரையறுத்தது. எனவே அரசுக்குச் சொந்தமானது என்பதாலோ இலாப நோக்கற்றது என்பதாலோ மட்டும் ஒரு மருத்துவமனை விலக்குப் பெறாது.

கூட்டுப்பொறுப்பை அடிப்படையாகக் கொண்ட அமைப்புகளின் நிலை வேறு. ஸ்பெயினின் தேசிய நலவாழ்வு முறையை நிருவகிக்கும் அமைப்புகள் குறித்த ஃபெனின் வழக்கில், வரி மற்றும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பின் வழி நிதி பெற்று, உறுப்பினர்களுக்குக் கட்டணமின்றிச் சேவை வழங்கும் அமைப்புகளின் செயற்பாடு பொருளாதாரத் தன்மை உடையதன்று எனக் கீழ்நிலை நீதிமன்றம் 2003இல் கொண்டது; அதன் தீர்ப்பை மேல்நிலை நீதிமன்றம் 2006இல் உறுதிசெய்தது. சுலோவாக்கியாவின் கட்டாய மருத்துவக் காப்பீட்டு முறையில் இலாபத்திற்கும் போட்டிக்கும் ஓரளவு இடம் இருந்தபோதும், அரசின் கண்காணிப்பும் கூட்டுப்பொறுப்பும் மேலோங்கியிருப்பதால் அங்குள்ள காப்பீட்டு அமைப்புகள் நிறுவனங்கள் ஆகா என 2020இல் டோவெரா வழக்கில் தீர்ப்பாயிற்று.

பெல்ஜியத்தில் நிலை இவற்றினின்று மாறுபடுகிறது. அங்குப் பொது மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் ஒரே நோயாளர்களுக்குச் சேவை வழங்குகின்றன. இருவகை மருத்துவமனைகளும் காப்பீட்டின் வழியும் நோயாளரிடமிருந்தும் கட்டணம் பெறுகின்றன. ஆகவே அங்குப் பொது மருத்துவமனை சட்டத்தின் பார்வையில் நிறுவனமாகிறது. மானியச் சட்டமும் அதற்குப் பொருந்துகிறது.

கடமைக்கான ஈடு

நிறுவனமே ஆயினும், அரசு சுமத்திய கடமைக்கு ஈடாகப் பெறும் தொகை சலுகை ஆகாது. ஜெர்மானியப் பேருந்துச் சேவை தொடர்பான ஆல்ட்மார்க் வழக்கில் 2003 ஜூலை 24 அன்று நீதிமன்றம் இதற்கு நான்கு நிபந்தனைகளை விதித்தது. கடமை தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும்; ஈட்டுத்தொகையைக் கணக்கிடும் அளவுகோல்கள் முன்னரே வகுக்கப்பட்டிருக்க வேண்டும்; தொகை, நியாயமான இலாபம் உள்ளிட்ட நிகரச் செலவை விஞ்சலாகாது; ஒப்பந்தப்புள்ளி வழியாக நிறுவனம் தெரிவுசெய்யப்படாவிடில், நன்கு நடத்தப்படும் ஒரு நிறுவனத்தின் செலவே அளவாகக் கொள்ளப்பட வேண்டும்.

பற்றாக்குறையில் இயங்கும் மருத்துவமனை நான்காம் நிபந்தனையை நிறைவேற்றுவது கடினம். அவ்வாறு நிறைவேறாதபோது நிதி மானியமாகிறது. எனினும் 106ஆம் உறுப்பின் இரண்டாம் பத்தி, பொதுநலன் சார்ந்த பொருளாதாரச் சேவைக்கு அத்தகைய மானியம் ஏற்கத்தக்கதாக அமைய வழிவகுக்கிறது. ஆணையத்தின் 2011 டிசம்பர் 20ஆம் நாள் முடிவு இவ்வழியை எளிதாக்கியது. பொதுவாக ஆண்டுக்கு 150 இலட்சம் யூரோ என்னும் உச்சவரம்பு விதித்த அம்முடிவு, அவசரச் சிகிச்சை உள்ளிட்ட மருத்துவச் சேவை வழங்கும் மருத்துவமனைகளுக்கு அவ்வரம்பை விதிக்கவில்லை, முன்னறிவிப்பிலிருந்தும் விலக்களித்தது. அதற்கு மாற்றாகப் பொறுப்பளிக்கும் ஆவணம், தனிக் கணக்கு, மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் மிகை ஈடு பற்றிய சரிபார்ப்பு ஆகியவற்றைக் கோரியது. நிறுவனத்தின் திறன் குறித்த நான்காம் நிபந்தனை இங்கு வலியுறுத்தப்படுவதில்லை. முதல் மூன்று நிபந்தனைகளின் சாரமோ தளர்த்தப்படாமல் தொடர்கிறது.

பிரஸ்ஸல்ஸ் வழக்கு

பிரஸ்ஸல்ஸில் ஐரிஸ் என்னும் வலையமைப்பைச் சேர்ந்த ஐந்து பொது மருத்துவமனைகளின் பற்றாக்குறையை உள்ளாட்சிகள் ஈடுசெய்து வந்தன. தனியார் மருத்துவமனைகளின் கூட்டமைப்பு இதனை எதிர்த்து 2005இல் ஆணையத்திடம் முறையிட்டது. விரிவான விசாரணையைத் தொடங்காமலேயே, 2009 அக்டோபர் 28 அன்று அந்நிதியை ஏற்கத்தக்கதென ஆணையம் முடிவுசெய்தது. ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2012 நவம்பர் 7 அன்று அம்முடிவை நீக்கியது.

நீதிமன்றம் எழுப்பிய வினா கூர்மையானது. பெல்ஜியச் சட்டம் எல்லா மருத்துவமனைகள் மீதும் பொதுவான கடமைகளைச் சுமத்துகிறது. அவற்றுக்கு அப்பால் பொது மருத்துவமனைகள் மட்டும் ஏற்கும் கடமை எது, எந்த ஆவணம் அதனைச் சுமத்துகிறது, ஈட்டுத்தொகையின் அளவுகோல் எங்கே உள்ளது என்பவை போதிய அளவில் நிறுவப்படவில்லை. ஆகவே ஆணையம் விரிவான விசாரணையைத் தொடங்கியிருக்க வேண்டும் என்று அது கருதியது. அந்நிதி சட்டத்திற்குப் புறம்பானது என்று நீதிமன்றம் கூறவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

2014இல் விரிவான விசாரணையைத் தொடங்கிய ஆணையம், 2016 ஜூலை 5 அன்று அதே நிதியை மீண்டும் ஏற்றது. இம்முறை கூடுதல் கடமைகள் மூன்று தெளிவாக எடுத்துரைக்கப்பட்டன: செலுத்தும் ஆற்றல் இல்லாதோர் உட்பட எந்நோயாளரையும் எந்நிலையிலும் ஏற்றல், அடிப்படை மருத்துவச் சேவைகள் முழுவதையும் பல இடங்களில் வழங்கல், நோயாளருக்கும் குடும்பத்தினருக்கும் விரிவான சமூகப்பணி உதவி அளித்தல். அவசர நிலையில் சிகிச்சையளிப்பது எல்லா மருத்துவமனைகளுக்கும் உரிய கடமை. அவசரமற்ற நிலையிலும் வறியவரைத் திருப்பி அனுப்ப இயலாமையே பொது மருத்துவமனையைப் பிரித்துக் காட்டுகிறது. உள்ளாட்சிகள் வழங்கிய தொகை இக்கடமைகளின் நிகரச் செலவை விஞ்சவில்லை என்றும் ஆணையம் கண்டது.

முடிவுரை

இரண்டு முடிவுகளிலும் நிதி ஏற்கப்பட்டது. மாறியது காரணங்காட்டும் முறையே. பொது மருத்துவமனை நற்பணி ஆற்றுகிறது என்னும் பொதுக்கூற்று சட்டத்தின் முன் போதாது. பிறர் ஏற்காத சுமை எது என்பது எழுத்தில் அமைய வேண்டும். அச்சுமையின் செலவு தனியே கணக்கிடப்பட வேண்டும். இத்தேவை நிருவாகச் சுமையாகத் தோன்றலாம். ஆயினும் எழுதப்படாத கடமைக்கு அளிக்கப்படும் நிதி வழக்கில் கேள்விக்குள்ளாகும்போது, அதனை நம்பியிருக்கும் வறிய நோயாளரின் சிகிச்சையும் உறுதியிழக்கிறது. ஆகவே கடமையைத் தெளிவாக வரையறுப்பது, அதனை நிறைவேற்றும் மருத்துவமனைக்கும் பாதுகாப்பாகிறது.