கடைசி நாளுக்குப் பின் பெற்ற தகுதி செல்லுமா?

விண்ணப்பம் செய்யும்போது பட்டம் இல்லை; நேர்முகத் தேர்வுக்குள் தேர்ச்சி பெற்றாகிவிட்டது. ஆசிரியர் நியமனத்தில் அந்தத் தகுதி செல்லுமா?

இந்தியாவில், ராஜஸ்தான் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நியமன வழக்கில், 1993இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. அறிவிப்பில் வேறு தேதி இல்லையென்றால், விண்ணப்பத்தின் கடைசி நாளே கணக்கு. நேர்முகத் தேர்வு நாள் முன்கூட்டித் தெரியாது. அதனைத் தள்ளிவைத்தோ முன்னதாக வைத்தோ வேண்டியவரைச் சேர்க்கவும் வேண்டாதவரைக் கழிக்கவும் வழி பிறக்கும்.

ஜம்மு காஷ்மீர் இளநிலைப் பொறியாளர் வழக்கில், 1997இல், இன்னொரு காரணமும் கூறப்பட்டது. 'தகுதி இன்னும் வரவில்லையே' என்று அறிவிப்பை மதித்து விண்ணப்பிக்காமல் இருந்தவர்கள் என்னாவது? மதிக்காமல் விண்ணப்பித்தவருக்குச் சலுகை தந்தால், ஒதுங்கி நின்றவருக்கு அது அநீதி.

ஆனால் தகுதி வேறு, சான்றிதழ் வேறு. கடைசி நாளுக்கு முன்பே தேர்ச்சி பெற்று, சான்று மட்டும் தாமதமானால் அதனால் தகுதி போய்விடாது. கேரள மருத்துவ மேற்படிப்புச் சேர்க்கை வழக்கில், 1980இல், இதே நீதிமன்றம் அவ்வாறுதான் கூறியது.

இறுதியாண்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பே அனுமதித்தால், அந்த நிபந்தனையே செல்லும். எனவே விண்ணப்பத்தை நிரப்புமுன் அறிவிப்பை முழுதாகப் படிப்பது நல்லது.