கணிப்பொறியும் கலி நாளும்

சேர்வராயன் மலையிலுள்ள மாரமங்கலத்தில் ஒரு மாணவி, உதவித்தொகை விண்ணப்பத்தில் தன் பிறந்த நாளை 04/07/2010 என்று எழுதுகிறாள் எனக் கொள்வோம். நமக்கு அது ஜூலை 4. அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கும் நிரலுக்கோ அது ஏப்ரல் 7! '2025 ஜூன் 1 அன்று 15 வயது நிறைந்திருக்கக் கூடாது' என்பது விதியானால், தகுதியுள்ள அம்மாணவியின் விண்ணப்பம் தள்ளப்பட்டுவிடும்.

25/07 என்றிருந்தால் தொல்லையில்லை. 25-ஆவது மாதம் கிடையாது. ஆகவே நிரல் பிழையென அறிவித்து நின்றுவிடும். நாள் 12-க்குள் இருந்தால்தான் ஆபத்து. 12 மாதங்களில் இத்தகைய நாட்கள் 12 × 12 = 144. இவற்றுள் 1/1, 2/2 போன்ற 12 நாட்களை எப்படிப் படித்தாலும் ஒன்றே. எஞ்சிய 132 நாட்களில் தவறு ஓசையின்றி நுழையும்.

இதற்கு வழி என்ன? மாதங்கள் 28 முதல் 31 நாட்கள் வரை மாறுபடுவதால், தேதிகளை நேராகக் கழித்துக் கணக்கிடுவது கடினம். எனவே ஏதேனும் ஒரு தொடக்க நாளிலிருந்து எத்தனை நாட்கள் கழிந்தன என்று எண்ணி, அந்த ஒரே எண்ணை வைத்துக்கொள்வது எளிது.

இந்த உத்தி நம் முன்னோர்க்குப் புதிதன்று. பஞ்சாங்கக் கணிதர்கள் கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமையைக் கலியுகத் தொடக்கமாகக் கொண்டு நாட்களை எண்ணினர். குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரம் செப்பேட்டில் கலி நாள் 14,49,087 என்று பொறிக்கப்பட்டுள்ளது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் காலத்துச் செப்பேடு அது. அந்த எண்ணைக் கொண்டே அது கி.பி. 866 ஜூலை மாதத்தைச் சேர்ந்தது என்று இன்றும் கணக்கிட முடிகிறது!

பெரும்பாலான கணிப்பொறிகளுக்குத் தொடக்கம் 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு. அங்கிருந்து விநாடிகளை எண்ணுகின்றன. ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். அந்த நாள், கலி நாள் 18,52,122 ஆகும்.

2000 ஜனவரி 1-ஐ மாற்றிப் பார்ப்போமா? 30 ஆண்டுகள் × 365 = 10,950. இடையில் 1972 முதல் 1996 வரை 7 லீப் ஆண்டுகள். மொத்தம் 10,957 நாட்கள். இதைக் கூட்டினால் கலி நாள் 18,63,079. இதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. வெள்ளிக்கு அடுத்த நாள் சனி. ஆம், அன்று சனிக்கிழமையேதான்!

பைத்தான் போன்ற நிரல்மொழிகள் தேதியை மாற்றுவதும் இம்முறையில்தான். எழுத்தைப் படித்து நாள், மாதம், ஆண்டு எனப் பிரித்து, எண்ணாக்கி, வேண்டிய வடிவில் திரும்ப எழுதுகின்றன. ஆனால் எழுத்தில் முதலில் நிற்பது நாளா, மாதமா என்பதை நிரல் எழுதுபவர்தாம் சொல்ல வேண்டும். இந்திய நேரம் கிரீன்விச்சுக்கு 5½ மணி முந்தியது என்பதையும் மறக்கலாகாது. நம் நள்ளிரவு 12 மணி அங்கே முந்தைய நாள் மாலை 6.30, அதை மறந்தால் பிறந்த நாள் ஒரு நாள் பின்தள்ளிப் போகும்.

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2010-07-04 என எழுதுவதே ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் பன்னாட்டு முறை. இதில் குழப்பமில்லை, வரிசைப்படுத்தினால் காலமுறைப்படியே நிற்கும்.

மாணவர்களே, நீங்கள் பிறந்த நாளின் கலி எண்ணைக் கண்டு, அதை 7-ஆல் வகுத்துக் கிழமையைச் சரிபாருங்கள். கணிப்பொறி செய்வதைத் தாளிலேயே செய்துவிடலாம்!