தறி ஓடும் ஊர் – 11: சாப்பாடு சரி, சம்பளம்?

சென்ற வாரம் ஆரணியில் பாவு விரிக்கும் தெருக்களைப் பார்த்தோம். இந்த வாரம், அந்தத் தெருக்களில் வாசலுக்கு வராத பிள்ளைகளைப் பற்றி.

பட்டு நெசவு ஒற்றை ஆள் வேலை இல்லை. கணவர் குழித்தறியில் உட்கார்ந்தால், வீட்டம்மா தார் சுற்றித் தர வேண்டும்; அறுந்த இழையைப் பிணைக்க வேண்டும். கோர்வைப் புடவை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளவே இன்னொரு ஆள். கூலியோ நாளுக்கு இல்லை, புடவைக்கு. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில், ஊட்டுவதும் புரட்டிப் படுக்க வைப்பதுமாக அம்மாவின் பொழுது போய்விடும். நெய்த புடவையைத் தறியிலிருந்து அறுப்பது தள்ளிப்போகும், கூலியும்தான். 2023 முதல் அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இதில் எந்த மூலைக்கு? பகல்நேர மையம் ஒன்று இருந்தால் பிள்ளைக்குப் பயிற்சி கிடைக்கும், தறிக்கு ஆள் கிடைக்கும்.

ஆனால் நன்கொடையில் மையம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்று சாப்பாட்டுக்குக் கொடுக்க ஆள் வந்துவிடும். வடை, பாயசம், போட்டோ எல்லாம் உண்டு. ஆனால் மூளை முடக்குவாதம் உள்ள பல பிள்ளைகளுக்கு விழுங்குவதே சிரமம். வடை தொண்டையில் அடைத்தால் ஆபத்து. மையத்து ஆயா சோற்றைக் குழையப் பிசைந்து, பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, ஒவ்வொரு வாயும் இறங்கியதைப் பார்த்துத்தான் அடுத்த கரண்டியை நீட்டுவார். அரைமணி நேரம்கூட ஆகும். சோற்றுக்குக் கொடுக்க ஆள் உண்டு, ஊட்டுகிறவரின் சம்பளத்துக்கு? பிசியோதெரபிஸ்டுக்கு? வேனுக்கு டீசல்?

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ்.ராமகிருஷ்ணன். 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை அதற்கு வைத்தார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது. அவரோடு தோள் கொடுத்த சங்கர ராமன், தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர், தொழிலால் ஆடிட்டர். இரக்கம் மட்டும் இருந்து ஆடிட்டர் இல்லாத சங்கம் நிலைக்காது என்பது என் கட்சி.

கணக்கு இப்போது இன்னும் சிக்கல். 80ஜி ரசீது என்று பழகிப்போன நன்கொடை ரசீதுக்குப் பொதுவாகப் பாதித் தொகைக்கு வருமான வரிக்கழிவு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. புதிய வரி முறைக்குப் போய்விட்டவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை. ரசீதுக்காகவே மார்ச்சில் கொடுத்து வந்தவர்கள் இனி வேறு காரணத்துக்காகத்தான் கொடுக்க வேண்டும்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு மையம் இருந்தால், அடுத்த பிறந்தநாளுக்கு எத்தனை இலை என்று கேட்காதீர்கள். ஆயாவுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். முடிந்த தொகையை, சிறியதானாலும், மாதாமாதம் வங்கி வழியாக அனுப்புங்கள்.

(தொடரும்)