செங்காந்தள் வளர்ப்பு

செங்காந்தள் என்பது நிலத்தடிக் கிழங்கிலிருந்து ஆண்டுதோறும் முளைத்துப் பற்றிப் படரும் ஒரு கொடி ஆகும். இதன் தாவரவியற் பெயர் குளோரியோசா சுப்பர்பா. பழைய நூல்கள் இதனை லில்லிக் குடும்பத்தில் சேர்த்துக் கூறும். இன்றைய வகைப்பாட்டில் இது கொல்ச்சிக்கேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டின் மாநில மலரும், சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களைப் போன்ற வானம் பார்த்த பூமியில் இதனை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கும் முறை இங்கு விளக்கப்படுகின்றது. இச்செடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை. வளர்க்க எண்ணுவோர் கீழுள்ள "நச்சுத்தன்மை" என்னும் பகுதியை முதலில் படிப்பது நன்று.

பெயர்கள்

கார்த்திகை மாதத்தையொட்டிப் பூப்பதால் கார்த்திகைப் பூ என்றும், கிழங்கு கலப்பை போல வளைந்து கவைத்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் வழங்கப்படுகின்றது. இலாங்கலி என்னும் வடமொழிப் பெயரும் கலப்பையைக் குறித்ததே. பூவை உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்ற நம்பிக்கையால் கண்வலிக் கிழங்கு என்ற பெயரும் உண்டு. வணிகத்திலும் வேளாண்மையிலும் இப்பெயரே பெரிதும் வழங்குகிறது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் முதலில் வருவது செங்காந்தளே. திருமுருகாற்றுப்படை இதனை முருகனின் கண்ணியாகக் கூறுகிறது. இதனால் இது மலையில் மட்டுமே வளரும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் சமவெளியின் வேலிகளிலும் புதர்க்காடுகளிலும் கடலோர மணலிலும் இது இயல்பாக வளரக்கூடியது.

வறண்ட நிலத்திற்கு ஏற்ற இயல்பு

மழைக்காலத்தில் தழைத்துப் பூத்துக் காய்த்தபின், தண்டும் இலையும் முற்றிலும் காய்ந்துவிடும். கோடை முழுவதும் கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். அருப்புக்கோட்டை வட்டாரம் தன் மழையில் பெரும்பங்கை ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவக்காற்றால் பெறுகிறது. கோடையின் கடுமையோ நெடியது. ஆண்டு முழுவதும் நீர் கேட்கும் அயல்நாட்டு அலங்காரச் செடிகளைக் காட்டிலும், நீரில்லாத மாதங்களில் தானே மறைந்துகொள்ளும் இக்கொடி இவ்வூர்களுக்குப் பொருத்தமானது.

ஆனால் இங்குள்ள மண் ஒரு தடை. வட்டாரத்தின் பெரும்பகுதி கரிசல். கரிசல் மண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காரத்தன்மையும் உடையது. செங்காந்தளோ நீர் நன்கு வடியும் செம்மண்ணையும், 6 முதல் 7 வரையான கார அமில நிலையையும் விரும்புவது. கரிசலில் நேரடியாக நட்டால் அடைமழைக் காலத்தில் கிழங்கு அழுகும். கோடையில் மண் வெடித்துக் கிழங்கு வெளித்தெரியவும் கூடும். "வறட்சி தாங்கும் செடி" என்று கேள்விப்பட்டு நடுவோர் பலர் அதனை இழப்பது வறட்சியால் அன்று, நீர்த்தேக்கத்தால் ஆகும்.

நடுதல்

கரிசல் நிலத்தில் ஓரடி உயரமுள்ள மேட்டுப் பாத்தியிலோ, ஓரடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டியிலோ நடவேண்டும். செம்மண், ஆற்று மணல், நன்கு மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைக் கலந்து நிரப்பலாம். தொட்டியின் அடித்துளை அடைபடாமல் ஓட்டுச் சில்லுகள் இடுவது பழைய வழக்கம், நல்ல வழக்கமும் கூட.

விதைக் கிழங்கு 50 முதல் 60 கிராம் எடை உள்ளதாக இருத்தல் வேண்டும். மிகச் சிறிய கிழங்குகள் முளைத்தாலும் அவ்வாண்டு பூப்பது அரிது. கிழங்கின் கவைகளின் நுனியிலேயே முளை அமைந்துள்ளது. அந்நுனி மிக எளிதில் ஒடியக்கூடியது. ஒடிந்தால் அக்கவையிலிருந்து செடி வராது. உருளைக்கிழங்கைப் போலப் பல கண்கள் இதற்கு இல்லை. எனவே கிழங்கைக் கையாளும்போதும், நட்டபின் களை கொத்தும்போதும் கவனம் தேவை. கிழங்கைக் கிடைமட்டமாக வைத்து, 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மூடுவர். செடிக்குச் செடி 30 முதல் 45 சென்டிமீட்டர் இடைவெளி போதும்.

ஆனி, ஆடி மாதங்களே நடவுக்கு உரிய காலம். மழை தொடங்கும் வரை மண் காயாத அளவுக்கு மட்டும் நீர் ஊற்ற வேண்டும்.

கொழுகொம்பு

இக்கொடி தண்டால் சுற்றி ஏறுவதில்லை. ஒவ்வோர் இலையின் நுனியும் சுருண்டு பற்றுக்கம்பியாக மாறுகிறது. இவ்விலைநுனி மெல்லிய பொருளை மட்டுமே சுற்றிக்கொள்ளும். தடித்த மூங்கிலை நட்டுவிட்டுக் கொடி ஏறவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. கம்பிவலை, கயிறு, காய்ந்த குச்சிகளாலான படல் ஆகியவை ஏற்றவை. இதனைப் பயிராக விளைவிக்கும் ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரங்களில் கிளுவை, விராலி ஆகியவற்றை உயிருள்ள கொழுகொம்பாகப் பயன்படுத்தினர். கம்பிப் பந்தலும் உண்டு.

பூவும் காயும்

நட்டு இரண்டு அல்லது மூன்று மாதங்களில் பூக்கத் தொடங்கும். அலையலையான விளிம்புடைய ஆறு இதழ்கள் பின்னோக்கி மடிந்து மேலெழும். ஒரே பூ முதலில் பச்சை, பின் மஞ்சள், பின் செம்மஞ்சள், முடிவில் சிவப்பு என நிறம் மாறும். ஆதலால் ஒரு கொடியில் ஒரே நேரத்தில் பல நிறப் பூக்கள் இருப்பது போலத் தோன்றும். சூல்தண்டு ஏறத்தாழச் செங்கோணத்தில் பக்கவாட்டில் வளைந்திருப்பதால், பூவின் மகரந்தம் அதன் சூல்முடியில் தானே விழுவது அரிது. விதைக்காக வளர்ப்போர் காலை வேளையில் கையால் மகரந்தம் சேர்ப்பது இதனாலேயே. வீட்டில் அழகுக்காக வளர்ப்போருக்கு இது தேவையில்லை. காய் பிடித்தாலும் முற்றுமுன் பறித்துவிடுவதே பாதுகாப்பு. வெடித்த காயினுள் தெரியும் செந்நிற விதைகள் குழந்தைகளின் கண்ணை ஈர்க்கும்.

வெண்புள்ளிகளும் செம்புள்ளிகளும் உடைய கரிய புழு இலைகளை விரைவாக மொட்டையாக்கும். நாலைந்து செடிகளே உள்ள தோட்டத்தில், கையுறை அணிந்து பொறுக்கி அழித்தாலே போதுமானது.

உறக்கக் காலம்

இலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும் நீரை நிறுத்திவிட வேண்டும். செடி நோயுற்றதென்று கருதி மேலும் நீர் ஊற்றுவதே வளர்ப்போர் செய்யும் பெரிய தவறு. தண்டு முழுதும் காய்ந்தபின் கிழங்கை அகழ்ந்து, உலர்ந்த மணலில் நிழலில் வைக்கலாம். தொட்டியை மழைபடாத இடத்தில் அப்படியே விட்டுவைக்கவும் செய்யலாம். கிழங்கைச் சமையலறையிலோ, உண்ணும் கிழங்குகளுடனோ ஒருபோதும் வைக்கக்கூடாது.

நச்சுத்தன்மை

கிழங்கிலும் விதையிலும் கொல்ச்சிசின் என்னும் காரப்போலி மிகுந்துள்ளது. கீல்வாத வகையொன்றிற்கு மருந்தாவதும், உண்டவரைக் கொல்வதும் இப்பொருளே. கிழங்கைச் சர்க்கரைவள்ளி என மயங்கி உண்டு இறந்தோர் பற்றிய மருத்துவப் பதிவுகள் உள்ளன. உண்ட சில மணி நேரம் வரை ஒன்றும் தெரியாதிருக்கலாம். பின்னர் வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு தோன்றி, அடுத்த நாட்களில் சிறுநீரகம், எலும்பு மச்சை முதலியவை பாதிக்கப்படும். பிழைத்தோர்க்கும் ஓரிரு வாரங்களில் தலைமுடி உதிர்வதுண்டு. எளிதில் கிடைக்கும் முறிமருந்து இதற்கு இல்லை. யாரேனும் உண்டதாக ஐயம் எழுந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல், கைவைத்தியம் எதுவும் செய்யாமல், செடியின் துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஆடுமாடுகளுக்கும் இது நஞ்சே. கால்நடைகள் உலவும் முற்றத்தில் இதனைத் திறந்த வேலியில் வளர்ப்பது தகாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வளர்க்காமலிருப்பதே மேல்.

இதே கொல்ச்சிசின் செடிகளின் நிறப்புரி எண்ணிக்கையை இரட்டிக்கச் செய்யும் என்பது 1937ஆம் ஆண்டில் பரவலாக அறியப்பட்டது. மேலைநாட்டு வீட்டுத் தோட்டங்களில் பெரிதும் விரும்பப்படும் ஒருநாள் அல்லியின் பெரும்பூ வகைகள் பல, இப்பொருளைக் கொண்டு உருவாக்கப்பட்ட நான்மடியச் செடிகளின் வழிவந்தவை. கிழக்காசியாவைச் சேர்ந்த அந்த அல்லிகளுள் பல குளிர்கால உறக்கத்திற்குப் பழகியவை. கரிசல் காட்டு வெயிலுக்கு அவை எளிதில் இணங்குவதில்லை.

இனப்பெருக்கம்

ஒரு கிழங்கிலிருந்து ஆண்டு முடிவில் பொதுவாக இரு கவையுள்ள புதுக் கிழங்கு உருவாகிறது. முளை நுனி சேதமுறாமல் கவைகளைப் பிரித்து நடலாம். விதையும் முளைக்கும், ஆனால் முளைப்பு குறைவு, பூப்பதற்கு மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஆகும். மருந்துச் சரக்கிற்காக அகழப்பட்டுக் காட்டுச் செடிகள் பல இடங்களில் அருகியுள்ளன. கண்மாய்க் கரையிலோ வேலியிலோ காணும் கொடியைத் தோண்டாமல், பயிரிடுவோரிடமிருந்து கிழங்கை விலைக்கு வாங்குவதே முறையாகும். ஆத்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையில் இதே செடி களையாகப் பரவி, ஒழிக்கப்பட வேண்டியதாகக் கருதப்படுகிறது.