சுக்கு அரைபடும் சத்தமும் டயர் இரைச்சலும்

காஞ்சிபுரம் கோயில் இட்லிக்கு மிளகையும் சீரகத்தையும் சுக்கையும் ஒன்றிரண்டாகப் பொடித்துப் போட வேண்டும். மிளகும் சீரகமும் சாதுவாகப் பொடிந்துவிடும். சுக்கைப் போட்டு மிக்ஸியை ஓடவிட்டால்தான் வீடே அதிரும். கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருப்பவர் சத்தத்தைக் கூட்டி வைப்பார், அப்புறம் எரிச்சலோடு அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

அந்தச் சத்தம் அவரிடம் இரண்டு வழியாகப் போய்ச் சேருகிறது. ஒன்று, அடுக்களை வாசல் வழியாகக் காற்றில். இன்னொன்று, மிக்ஸியின் காலிலிருந்து கிரானைட் மேடைக்கு இறங்கி, மேடையிலிருந்து சுவருக்கும் அலமாரிக்கும் பரவி, அங்கே அடுக்கியிருக்கும் எவர்சில்வர் தட்டுகளைக் கிணுகிணுக்க வைத்துக்கொண்டு. கதவைச் சாத்தினால் முதலாவது குறையும், இரண்டாவது அப்படியே இருக்கும். மிக்ஸிக்கு அடியில் துணியை மடித்து வைத்தால் இரண்டாவது குறையும், முதலாவது அசையாது. எது எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் எதைச் செய்தாலும் பாதிக் காசு வீண்.

காருக்குள் டயர் சத்தத்தைக் குறைப்பதும் இதே கணக்குதான். ஜாரின் இடத்தில் டயர். சுக்கின் இடத்தில் சாலையில் துருத்தி நிற்கும் ஜல்லி. மேடையின் இடத்தில் சஸ்பென்ஷனும் காரின் பாடியும். கூடத்தில் இருப்பவரின் இடத்தில், சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுக்கப் பின்சீட்டில் நெருக்கியடித்து வரும் கல்யாண வீட்டார். பூந்தமல்லியைத் தாண்டும்வரை ஜரிகை, பார்டர், பட்ஜெட் என்று பேச்சு நன்றாக ஓடும். ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து வண்டி வேகம் பிடித்ததும் பின்சீட்டுக்காரர் "என்ன சொன்னே?" என்று கேட்க ஆரம்பிப்பார். இத்தனைக்கும் இது காரும் டயரும் பிறக்கிற வட்டாரம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் செய்கிறது. ஒரகடத்தில் ரெனோவும் அப்போலோ டயர்ஸும் இருக்கின்றன.

கார் மெதுவாகப் போகும்போது காதில் விழுவது இன்ஜின். மணிக்கு 40, 50 கிலோமீட்டரைத் தாண்டியதும் டயர் மேலோங்கிவிடும். 100-ஐ நெருங்கினால் காற்றுக் கிழிபடும் சத்தமும் சேர்ந்துகொள்ளும். வேகம் இரட்டிப்பானால் டயர் சத்தம் ஏறத்தாழ 9 முதல் 12 டெசிபல் ஏறும். 10 டெசிபல் ஏறினாலே காதுக்கு இரண்டு மடங்கு போலத் தோன்றும். அதனால் 100-லிருந்து 80-க்கு இறங்கினால் சுமார் 3 டெசிபல் சும்மாவே குறைந்துவிடுகிறது. எந்தக் கடையிலும் வாங்க வேண்டாத மருந்து இது. யாரும் சாப்பிடுவதில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் ஜாருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

டயரின் முகத்தில் ரப்பர் கட்டைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் சாலையில் அறைந்து இறங்கி, அழுந்தி, பிறகு சடக்கென்று விடுபடுகிறது. 185/65 ஆர் 15 என்ற அளவு டயரை எடுத்துக்கொள்வோம். இதன் வெளிச் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டரில் இது நொடிக்குப் பதினொன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். ஒரு சுற்றில் 70 கட்டை இருப்பதாக வைத்துக்கொண்டால் நொடிக்கு 800 அறை. எல்லாக் கட்டையும் ஒரே நீளத்தில் இருந்தால் அந்த 800 ஒரே சுருதியாக ஊளையிடும். அதனால்தான் டயர் செய்கிறவர்கள் கட்டைகளின் நீளத்தை வேண்டுமென்றே மாற்றி மாற்றி வைக்கிறார்கள். சத்தத்தின் மொத்த அளவு அதனால் பெரிதாகக் குறைந்துவிடாது. ஆனால் ஊளை உடைந்து இரைச்சலாகப் பரவிவிடும். காதுக்கு இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளத் தெரியும், ஊளையைத் தெரியாது.

கட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் சிக்கும் காற்று பிதுங்கி வெளியேறுவது இன்னொரு சத்தம். டயரும் சாலையும் சேரும் இடத்திலுள்ள குறுகிய இடுக்கு அதை இன்னும் பெரிதாக்கி வெளியே தள்ளுகிறது. 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்பது பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, ஆளைக் குழப்புவது. டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றே ஒலிக்கும். அதே டயரில் உள்ளே இருக்கும் காற்று வளையத்தின் நடுச்சுற்று சுமார் 1.57 மீட்டர். காற்றில் ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை இதால் வகுத்தால் 218. சாலையில் ஒரு மேடு தட்டினால் அந்த வளையம் நொடிக்கு ஏறத்தாழ 218 அதிர்வில் முனகும். சித்திரை வெயிலில் டயருக்குள் காற்று சூடேறினால் சுருதி இன்னும் கொஞ்சம் ஏறும். செவிலிமேட்டில் பாலாற்றுப் பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது 'டொம்'முக்குப் பின்னால் 'ங்ங்' என்று ஒரு வால் நீள்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இதைப் பிடிக்கத்தான் சில டயர்களில் உட்சுவரைச் சுற்றி ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டி விற்கிறார்கள். வேலை செய்கிறது, சந்தேகமில்லை. பஞ்சர் ஒட்ட வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஸ்பாஞ்சை வெட்டி எடுத்துவிட்டு ஒட்ட வேண்டும். வழியோரக் கடையில் அதைச் செய்துகொள்வது உங்கள் சாமர்த்தியம்.

சத்தத்தை எங்கே பிடிப்பது மலிவு என்றால், பிறக்கிற இடத்தில்தான். சுக்கை முதலில் உரலில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மிக்ஸியில் போடுகிறவருக்குக் கதவைச் சாத்தும் வேலை பாதி மிச்சம். சாலையை நாம் தட்ட முடியாது, டயரைத் தேர்ந்தெடுக்கலாம். அழகுக்காகப் பெரிய அலாய் வீலும் அகலமான, சப்பையான டயரும் மாட்டியவர்கள் ஜல்லியின் ஒவ்வொரு அடியையும் விலை கொடுத்து வாங்கியவர்கள். அகலம் கூடினால் அறை கூடும். பக்கச்சுவர் குட்டையானால் அடியை வாங்கிக்கொள்ள ரப்பர் இல்லை. கம்பெனி கொடுத்த அளவிலேயே, மென்மையான ரப்பரில், முரட்டுக் கட்டை இல்லாத டயராக வாங்குவது போதும்.

இந்தியாவில் டயர் எழுப்பும் சத்தத்துக்கும் இப்போது உச்சவரம்பு உண்டு. ஏஐஎஸ்-142 என்ற தரவிதியை 2022-ல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. புதிய வடிவ டயர்களுக்கு அந்த ஆண்டு அக்டோபர் முதல் அமல். ஆனால் இந்தச் சோதனையில் இன்ஜினை அணைத்துக் காரை உருளவிட்டு, 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்துத்தான் அளக்கிறார்கள். அதாவது தெருவில் நிற்பவர் காதுக்கு எவ்வளவு என்பதை. பின்சீட்டில் இருப்பவர் காதுக்கு எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. கடைக்காரர் அதைக் காட்டி "உள்ளே சத்தமே வராது சார்" என்றால் சிரித்துக்கொள்ளலாம்.

பழைய டயராக இருந்தால் உள்ளங்கையை அதன் முகத்தில் வைத்துச் சுற்றும் திசையில் ஒருமுறை தடவுங்கள், பிறகு எதிர்த்திசையில். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் சொரசொரவென்றும் பட்டால் கட்டைகள் ஒரு ஓரமாகவே தேய்ந்திருக்கின்றன. நல்ல டயரும் இப்படித் தேய்ந்தால் உறுமும். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சக்கரங்களை இடம் மாற்றிப் போட்டு, அலைன்மென்டும் பார்த்துவந்தால் இந்தத் தேய்மானம் தள்ளிப்போகும். காற்று, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணை சொல்வதுபோல. பெட்ரோல் பங்கில் "ஹைவே போறீங்களா, நாலு எக்ஸ்ட்ரா வெச்சிடவா?" என்று கேட்பார்கள். வைத்தால் டயர் விறைத்துப்போய் அடியை அப்படியே மேலே அனுப்பும்.

இனி மேடை. நொடிக்கு 400, 500 அதிர்வுக்குக் கீழேயுள்ள அடித்தொண்டைச் சத்தம் பெரும்பாலும் சஸ்பென்ஷன் வழியாகத்தான் பாடிக்கு ஏறுகிறது. அங்கே மடித்த துணியின் வேலையைச் செய்பவை ரப்பர் புஷ்கள். பல ஆண்டு ஓடிய வண்டியில் அவை கட்டிதட்டி வெடித்திருக்கும். அப்போது மிக்ஸியின் ரப்பர் கால் கழன்று வெறும் பிளாஸ்டிக் மேடையில் உட்கார்ந்த கதை. டயரைக் குறை சொல்லும் முன் ஒரு சோதனை. பூந்தமல்லி – வாலாஜாபேட்டை ஆறுவழிப் பணியால் அந்தச் சாலையில் பழைய தளமும் புதுத்தளமும் மாறிமாறி வரும். வேகத்தை மாற்றாமல் புதுத்தளத்தில் ஏறியதும் சத்தம் சட்டென்று இறங்கினால் அது டயரும் சாலையும். எந்தத் தளத்திலும் அதே உறுமல், வேகத்துக்கு மட்டுமே ஏறி இறங்குகிறது என்றால் வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். வலப்பக்கம் வளையும்போது எடை இடப்பக்கச் சக்கரத்தில் சாயும். அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங். பேரிங் போன வண்டிக்கு டேம்பிங் ஷீட் ஒட்டுவது ஆபத்தும்கூட, ஏனென்றால் எச்சரிக்கை மணியை அமுக்கிவிடுகிறோம்.

அந்த டேம்பிங் ஷீட்டுக்கு வருவோம். அது செய்வது தட்டுகளின் கிணுகிணுப்பை நிறுத்தும் வேலை, அவ்வளவுதான். எவர்சில்வர் தட்டைத் தட்டிவிட்டு நடுவில் ஒரு விரலை வைத்தால் ஓசை செத்துவிடும். தட்டு முழுவதையும் கையால் மூட வேண்டியதில்லை. காரின் தளத்தகடும் அப்படித்தான். பியூட்டைல் ரப்பரின்மேல் அலுமினியத் தாள் ஒட்டிய ஷீட், அதிரும் தட்டையான பகுதியில் கால்வாசியை மூடினாலே பெரும்பகுதிப் பலன் வந்துவிடும். மூலைமுடுக்கெல்லாம் ஒட்டி வண்டியின் எடையை ஏற்றுவது கடைக்காரருக்கு லாபம். கார் தொழிற்சாலையிலேயே தளத்தகட்டில் தார்ப் பாளங்களை வைத்து, பெயின்ட் உலர்த்தும் சூட்டில் உருகி ஒட்டவிடுகிறார்கள். எனவே தரைவிரிப்பைத் தூக்கித் தட்டிப் பார்த்துவிட்டு, 'டங்' என்று ஒலிக்கும் இடத்தில் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். மொட்டைமாடி ஒழுக்குக்கு ஒட்டும் தார் டேப்பை மலிவென்று கதவில் ஒட்டும் ஆசாமிகள் உண்டு. வெயிலில் நிற்கும் கதவுத்தகட்டில் அது இளகி வழிந்து, ஏசி போட்டாலும் தார் வாடை போகாது.

நம் ஊரில் ஷீட் ஒட்டுகிற பழக்கம் ஸ்பீக்கர் மாட்டுகிற கடைகளிலிருந்து வந்தது. அதனால் முதலில் நாலு கதவுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். பாட்டுக்கு அது நல்லது. டயர் சத்தத்துக்குக் கதவு கடைசி வரிசை. டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழியும் பின்சக்கரத்துக்கு மேலே வளைந்த தகடும்தான் முதல் வரிசை. செடானில் பின்சீட்டுச் சாய்மானமும் அதற்குப் பின்னுள்ள பலகையும் டிக்கியைத் தடுத்து நிற்கும். ஹேட்ச்பேக்கிலும் எஸ்யூவியிலும் அந்தத் தடுப்பு அரைகுறை. பின்சீட்டுக்காரர் கிட்டத்தட்ட பின்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்.

காற்று வழியாக வரும் 'ஸ்ஸ்ஸ்'ஸை நிறுத்தக் கதவு வேண்டும், அதாவது கனமும் அடைப்பும். தடுப்பின் கனத்தை இரட்டிப்பாக்கினால் 5, 6 டெசிபல் குறையும். ஆனால் இடுக்கு இருந்தால் கனத்துக்கு மதிப்பே இல்லை. கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதித் தொண்ணூற்றொன்பதையும் ஈயத்தால் இழைத்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாது. அடுக்களைக் கதவின் கீழ் விரற்கடை இடைவெளி இருந்தால் சுக்குச் சத்தம் கூடத்துக்கு வருவது இதனால்தான். காரில் அந்த இடைவெளி, நைந்த கதவு பீடிங்கிலும், ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் மூடி கழன்ற இடத்திலும் இருக்கும். ஒரு தாளைக் கதவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் பீடிங்கை மாற்றலாம். ஷீட்டைவிட மலிவு, வேலையும் குறைவு. ஒரு ஓட்டையை மட்டும் அடைக்கக் கூடாது. பின் பம்பருக்கு உள்ளே காற்று வெளியேற வைத்திருக்கும் மடல். அதை அடைத்தால் கதவு சாத்தக் கஷ்டப்படும், ஏசி காற்றும் திணறும்.

நுரையும் ஃபெல்ட்டும் ஒட்டினால் எல்லாச் சத்தமும் அடங்கிவிடும் என்று சொல்பவரிடம் தடிமன் என்ன என்று கேளுங்கள். ஒலியை நன்றாக உறிஞ்ச அதன் அலைநீளத்தில் கால்பங்கு தடிமனாவது வேண்டும். நொடிக்கு 1,000 அதிர்வுள்ள சத்தத்துக்கு அது 8.6 செ.மீ. டயர் வளையத்தின் 218-க்கு ஏறக்குறைய 39 செ.மீ. அவ்வளவு நுரையை வைத்தால் கல்யாண வீட்டார் வேறு வண்டிதான் பார்க்க வேண்டும். சக்கரக் குழிக்குள் பிளாஸ்டிக்குக்குப் பதில் ஃபெல்ட் லைனர் போட்டால் உச்சஸ்தாயிச் சத்தம் பிறந்த இடத்திலேயே கொஞ்சம் அடங்கும். அடித்தொண்டை அடங்காது.

அந்த அடித்தொண்டையைத்தான் ஹூண்டாய் வேறு மாதிரி அணுகியது. 2019-ல் அறிவித்த அதன் ஏற்பாட்டில், சாலை அதிர்வை சென்சார்கள் உணர்ந்தவுடன் அதற்கு நேரெதிரான ஒலியை ஸ்பீக்கர்கள் எழுப்பி அதை ரத்து செய்கின்றன. சாலைச் சத்தம் பயணியை எட்ட 0.009 விநாடிதான் ஆகும். கணக்கு 0.002 விநாடியில் முடிந்துவிடுகிறது. பலன் சுமார் 3 டெசிபல். 100-லிருந்து 80-க்கு இறங்குவதும் இதே அளவுதான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொண்டால், விலைப்பட்டியலை நிதானமாகப் படிக்கலாம். இன்ஜின் சத்தம் மறைத்துக் காப்பாற்றாத மின்சாரக் காரில் இது போன்ற ஏற்பாடுகளுக்கு அதிக வேலை இருக்கிறது.

எல்லாம் பார்த்தபின்னும் கதவுக்கு ஷீட் ஒட்டத்தான் வேண்டும் என்றால், ஒட்டும் ஆள் பக்கத்தில் நில்லுங்கள். கண்ணாடி இடுக்கு வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் வடிய, ஒவ்வொரு கதவின் அடி ஓரத்திலும் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அவற்றின்மேல் ஷீட் போய்விட்டால் ஐப்பசி அடைமழையில் கதவு நிரம்பும். அப்புறம் ஒவ்வொரு பிரேக்குக்கும் உள்ளே தண்ணீர் தளும்புவது கேட்கும், துருவும் அங்கிருந்துதான் தொடங்கும்.